தேய்ந்துபோன ங

அ-வை அழுத்தினால் அ வந்தது. அது வரக் கூடாது என்றிருந்தது தங்கப்பிரியாவுக்கு. விரலை எடுத்து சுடிதார் ஓரத்தில் துடைத்துவிட்டு, வியர்வையால்தான் இப்படி ஆகிறது என்பது மாதிரி மறுபடி அழுத்தினாள். அ. அழுத்துகிற எழுத்து ஒழுங்காகத் திரையில் வருவதைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் சிவகாசியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அச்சக முதலாளி பேப்பர் கடைக்குப் போயிருந்தார். பின்பக்கம் பைண்டிங் பகுதியில் பெண்கள் வந்து சேர்ந்து, வாளியில் பசை கரைக்கிற வாடை முன்பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில், எழுத்து அடிக்கிற வேலுத்தாயக்கா வந்து இந்த நாற்காலியில் உட்காரும். உட்கார்ந்து கையை வைக்கும். கையை வைக்கும் என்று நினைத்ததுமே தங்கப்பிரியாவின் மனசு வழக்கம்போலச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, சுவரில் மாட்டியிருந்த போன வருஷத்து மாதிரிக் காலண்டரில் முருகன் இருந்தார், அவரைப் பார்த்தாள், வேல் இருந்தது, மயில் இருந்தது, ஆனால் கீபோர்டு அங்கேயேதான் இருந்தது. காலையில் வந்ததும் துடைக்கிற துணியால் அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தாளே, அப்போதுதான் கண்ணில் பட்டது. தமிழ் ஸ்டிக்கர் ஒட்டின கீபோர்டு. இடது ஓரத்தில் அ, ஒட்டின அன்றைக்கு இருந்த பளபளப்போடு புத்தம்புதுசாக இருந்தது. பக்கத்தில் இ-யும் அப்படித்தான். மேல்வரிசையில் ஆ, ஈ. அழுக்குகூட ஒட்டவில்லை. ஆனால் கீழ்வரிசை நடுவில் ங இருக்க வேண்டிய இடம் மொட்டையாகக் கிடந்தது. ஸ்டிக்கரும் போய், அதற்கடியில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்தும் போய், வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. தமிழில் ங-வை இந்த அடி அடிக்க என்ன இருக்கிறது? காலண்டர் வேலை பார்க்கிறவர்கள் வருஷத்துக்கு எத்தனை ங அடித்துவிடப் போகிறார்கள்? துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் மெதுவாக, யாரோ முதுகில் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிற மாதிரி, விளங்கிற்று. வேலுத்தாயக்காவுக்கு இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. அந்த இரண்டு விரலும் தொட வேண்டிய எழுத்துகள்தான் அ, ஆ, இ, ஈ. அக்கா அவற்றை விரல் உள்ள இடத்துக்கு மாற்றி வைத்திருந்திருக்கிறது. நேற்று தங்கப்பிரியா சரிசெய்தாளே கோளாறு, அது கோளாறே இல்லை.

நேற்று வேலுத்தாயக்கா லீவு, கொழுந்தன் மகளுக்குக் காதுகுத்து. தங்கப்பிரியாவின் கம்ப்யூட்டரில் மானிட்டர் கண்ணை மூடிக்கொண்டதால் முதலாளி அவளை இந்த இடத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் கை பழக்கத்தில் அம்மா என்று அடித்தாள். எந்தக் கீபோர்டைத் தொட்டாலும் முதலில் அம்மா என்றுதான் அடிப்பாள், அம்மா மேல் பிரியம் ஒன்றும் பொங்கி வழியவில்லை, கைக்கு அது வசதி. திரையில் ஙம்மொ என்று வந்தது. திரும்ப அடித்தாள். ஙம்மொ. சிரிப்பு தாங்கவில்லை. செல்லை எடுத்துத் திரையைப் படம் பிடித்து, கூடப் படித்த சர்மிளாவுக்கு அனுப்பி, கீழே கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற மூஞ்சியாக வரிசையாகப் போட்டாள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னது அது, ஙம்மொவா? ஏ தங்கம், இம்புட்டு நாளா அந்தம்மா இந்தக் கோளாறோடயா அடிச்சிக்கிட்டு இருந்துச்சு? அதான் வண்டி நகரல" என்றார். அந்த இடத்தில் அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். இத்தனை நாளாக இந்தக் கீபோர்டில்தானே அக்கா மாதக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் பிழையில்லாமல் அடித்துத் தள்ளியிருக்கிறது, அம்மா என்று ஒரு சொல் வராத கீபோர்டில் எப்படி அடித்திருக்கும் என்று ஒரே ஒரு நிமிஷம். யோசிக்கவில்லை. அவள் எப்போது யோசித்தாள்? பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளைக் கொடுத்ததும் முதல் வரியைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்துவிடுவாள். ஏதேனும் ஐந்து என்று போட்டிருப்பது தெரியாமல் எல்லாவற்றையும் எழுதுவாள், இல்லையென்றால் எல்லாவற்றையும் எழுதச் சொன்ன இடத்தில் ஒன்றை எழுதிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். கேள்வியப் படிடி, கேள்வியப் படிடி என்று சொல்லிச் சொல்லிக் கெமிஸ்ட்ரி டீச்சருக்குத் தொண்டை கட்டியது. பதினொன்றாவதில் பாதியோடு நின்றுவிட்டாள். யாரும் நிறுத்தவில்லை, அவளாகத்தான் நின்றாள், அதையும் ஒரு நிமிஷத்தில்தான் முடிவுசெய்தாள். இந்தக் கடையில் கருப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிக்கத் தைரியம் உள்ள ஆள் அவள் மட்டும்தான். வைரஸ் தொல்லை தாங்காமல் எல்லாக் கம்ப்யூட்டரையும் லினக்ஸுக்கு மாற்றின பிறகு முதலாளிக்கு மவுஸைத் தொடவே பயம். அந்தப் பெருமை வேறு. தமிழ் எழுத்துப் பலகையை மொத்தமாகத் திரும்ப இன்ஸ்டால் செய்ய ஒரே வரி. அடித்தாள். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். எழுத்துகள் கடகடவென்று ஓடின. பழையதன் மேல் புதியதைப் போடட்டுமா என்று அது கேட்கக்கூட இல்லை, கேட்டிருந்தாலும் போடு என்றுதான் சொல்லியிருப்பாள். ஆஃப் செய்து ஆன் செய்து அம்மா என்று அடித்தாள், அம்மா வந்தது. "முதலாளி, சரி பண்ணிட்டேன்!" அந்தக் கத்தல் இப்போது காதுக்குள் கேட்டது. என்ன ஒரு குரல். ஏதோ கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டவள் மாதிரி.

பழைய கோப்பு எங்காவது இருக்கும். இருக்கும், இருக்கும் என்று சொல்லிக்கொண்டே கருப்புத் திரையில் தேடினாள். எழுத்துப் பலகைக் கோப்பு இருந்தது, ஆனால் கம்பெனியில் இருந்து வந்த கோலத்தில், எந்தக் கையும் படாததாக இருந்தது. நகல் இல்லை. குப்பைத் தொட்டியில் இல்லை. தானாகப் பழைய நிலையைச் சேமித்து வைக்கிற வசதியைத் திறந்தாள், அது ஆரம்பத்தில் இருந்தே அணைந்து கிடந்தது, அதை அணைத்ததும் அவள்தான், கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று முதலாளி முனகினதற்காக. நேற்று இன்ஸ்டால் ஆன பிறகும் பழைய அமைப்பு கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரின் நினைவில் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அவள்தான் உடனே அம்மா வரவில்லை என்று பொறுமை கெட்டு, ஆஃப் செய்து ஆன் செய்தாள். ஆஃப் செய்யாமல் விட்டிருந்தால். சும்மா டீ குடிக்கப் போயிருந்தால். கரண்டு போயிருந்தால். இல்லை, கரண்டு போனாலும் அதேதான். மானிட்டர் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால். காதுகுத்து அடுத்த வாரம் வைத்திருந்தால். அந்தப் பிள்ளைக்குக் காதே குத்தாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்? இப்படியே போனால் அந்தப் பிள்ளை பிறந்ததே தப்பு என்று வந்து நிற்கும். தப்பு அங்கே இல்லை, இங்கே இருக்கிறது, இந்தச் சுடிதாருக்குள் இருக்கிறது. சரி, எந்த எழுத்து எங்கே இருந்தது என்று அக்கா அடிக்கும்போது பார்த்திருப்பாளே, அதை நினைவுபடுத்தினால் போச்சு. கண்ணை மூடினாள். வேலுத்தாயக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மல்லிகைப்பூ, மூக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குக் கட்டின கருப்புக் கயிறு. தோள் தெரிகிறது. முழங்கை தெரிகிறது. வளையல் தெரிகிறது. வளையலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. முருகன்தான் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மத்தியானம் அக்கா தூக்குச்சட்டி மூடியில் புளிக்குழம்பு ஊற்றி நீட்டியது, "சாப்பிடு புள்ள, உங்கம்மா வெறுஞ்சோறும் ஊறுகாயுமா கட்டி விட்டிருக்கு." மூடியைப் பிடித்திருந்தது அந்தக் கைதான். மூன்று விரல், அப்புறம் மடக்கின துணி நுனி மாதிரி இரண்டு முடிச்சு. தங்கப்பிரியா குழம்பைப் பார்த்தாள், குழம்பில் கிடந்த கத்தரிக்காயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஊனத்தை உற்றுப் பார்க்கக் கூடாது என்று சின்ன வயசிலேயே அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். மரியாதை என்று. ஆனால் உண்மையைச் சொன்னால் மரியாதை பாதிதான், மீதி அருவருப்பு. அந்த அருவருப்பை மரியாதைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு இந்தக் கடையில் இத்தனை மாசம் ஓட்டியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒழுங்காகப் பார்த்திருந்தால், இ எங்கே இருந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அக்காவின் பலகையை மாற்றி எழுதிக் கொடுத்தது முன்னால் இங்கே கம்ப்யூட்டர் பார்த்த எபனேசர் அண்ணனாகத்தான் இருக்கும். அவர் மஸ்கட் போய்விட்டார். போன் போட்டாள். நெடுநேரம் அடித்து, எடுத்து, கொட்டாவி விட்டார். "யாரு? தங்கப்பிரியாவா? ஏம்மா, நான் இன்னும் எந்திரிக்கக்கூட இல்ல." அவள் நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அழிச்சிட்டேன் என்றே சொன்னாள். "அடப்பாவி," என்றார் எபனேசர். "அது நான் பண்ணதுன்னா நெனக்கிற? நான் டைப்தான் பண்ணேன். அந்தக்கா தினம் ஒரு எழுத்த நகத்தும். இன்னிக்கு இங்க வை எபி, சரியா வரல, நாளைக்கு அங்கிட்டு வைன்னு. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் உக்காந்து உக்காந்து அடிச்சுப் பாக்கும். விட்டுருங்கக்கா, மூணு விரல வச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டேன். பைண்டிங்குக்கு மட்டும் திரும்பப் போமாட்டேன் எபின்னுச்சு." எந்த எழுத்து எங்கே என்று ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்றாள். "சத்தியமா இல்ல. காப்பி எடுத்து வச்சியா?" இல்லை. "ஏன் எடுக்கல?" யோசிக்கல என்றாள். "அந்தக்காகிட்ட நீயே சொல்லிரு. முதலாளி சொல்லி அது கேக்கக் கூடாது," என்று வைத்துவிட்டார். பைண்டிங்குக்குத் திரும்பப் போகமாட்டேன். பின்பக்கம் அந்த நேரம் பார்த்துக் கட்டிங் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்கள். கத்தி இறங்குகிற சத்தம் பெரிதாக ஒன்றும் இருக்காது, மெத்தென்று, தலையணையில் குத்துகிற மாதிரிதான் இருக்கும், பேப்பர் கட்டு இரண்டாகப் போய்விடும். அக்காவின் விரல் போனது அந்த மெஷினில் இல்லை, அதற்கு முன்னால் இருந்ததில் என்பார்கள். ஆனால் இடம் அதே இடம். போன வாரம் முதலாளி தங்கப்பிரியாவைக் கூப்பிட்டு, "சீசன் நெருங்குது. வேலுத்தாயி வேகம் காணாது. மதுரைக்காரர் தினசரிக் காலண்டர் திருத்தத்தோட வர்றார்ல, அவர் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல அடிக்கணும். அன்னிக்கும் தடுமாறுனா அந்தம்மாவப் பின்னாடி பைண்டிங்குக்கே அனுப்பிர வேண்டியதுதான். நீ அந்த எடத்துல உக்காந்துக்க" என்றார். அப்போது அவளுக்குள் ஒன்று துள்ளிற்றே, அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல? துள்ளத்தான் செய்தது. இந்த ஜன்னலோர இடம், இந்த ஃபேன். பாவம் அக்கா என்றும் நினைத்தாள், நினைத்துக்கொண்டே நாற்காலிக்கு எந்தத் துணி விரிக்கலாம் என்றும் நினைத்தாள். மதுரைக்காரர் வருவது இன்றைக்கு. ஒருவேளை, மனசுக்குள் எங்கேயோ, இதற்காகத்தான் செய்தாளோ? இல்லை. நிச்சயமாக இல்லை. அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆளாக இருந்தால் அந்தக் கீபோர்டை ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டாளா? ஆனால் முதலாளி நினைப்பார். அக்கா நினைக்கும். நினைக்கட்டும் என்று விடவும் முடியவில்லை.

அழாதே, கேள்வியைப் படி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கெமிஸ்ட்ரி டீச்சர் குரலிலேயே. கீபோர்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அக்கா அதிகம் தொடாமல் விட்டவை அ, ஆ, இ, ஈ. தேயக் கூடாத அளவுக்குத் தேய்ந்தவை ங, ஒ, ழ, ஞ. ங-வும் ஒ-வும் கீழ்வரிசையில் நடுவை ஒட்டி இடது பக்கம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எட்டுகிற இடம். ழ வலது கோடியில் கீழே, ஞ வலது கோடியில் மேலே, இரண்டும் வலது சுண்டு விரலுக்கு. இந்த நான்கும் போய் அந்த நான்கில் உட்கார்ந்திருக்கின்றன, ஆளுக்கு ஆள் இடம் மாற்றி. எது எதோடு? செல்லை எடுத்தாள். சர்மிளாவுக்கு அனுப்பின படம் மேலே இருந்தது, அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள், அதற்கும் கீழே சர்மிளா, "யாருடி அந்த ஙம்மொ 😂" என்று கேட்டிருந்தாள். அக்காவின் எழுத்துப் பலகையில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்தப் படம் ஒன்றுதான். கேலி பண்ண எடுத்த படம். ஙம்மொ. அ அழுத்தின இடத்தில் ங வந்திருக்கிறது, அப்படியென்றால் ங இருந்த இடத்தில் அ. மா-வுக்கு ஆ அழுத்தின இடத்தில் மொ-வின் ஒ வந்திருக்கிறது, அப்படியென்றால் ஒ இருந்த இடத்தில் ஆ. கோப்பைத் திறந்து அந்த இரண்டையும் மாற்றினாள். மீதி இ, ஈ. ஒன்று ழ-விடம், இன்னொன்று ஞ-விடம். நேற்று இன்னும் ஒரே ஒரு சொல் அடித்திருந்தால், இலை என்றோ ஈ என்றோ ஏதோ ஒன்று, அதுவும் படத்தில் இருந்திருக்கும். இடது கைச் சுண்டு விரலையும் மோதிர விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக் கொண்டாள். மடக்கிக்கொண்டு கீபோர்டின் மேல் வைத்தாள். கை கோணிக்கொண்டு நின்றது. மணிக்கட்டு உடனே வலித்தது. அ-வுக்கு ஆள்காட்டி விரலைக் கீழே இறக்கினால் மொத்தக் கையும் கூடவே இறங்கியது, திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. இப்படியா ஒரு நாள் முழுக்க? பைண்டிங் பக்கத்தில் இருந்து யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் நொண்டி காட்டுகிறாள் என்று நினைப்பார்கள். நேற்று என்றால் அப்படியும் காட்டியிருப்பாள். இ அடிக்கடி வரும், ஈ எப்போதாவது வரும். அடிக்கடி வருவதை மேலே வைப்போமா கீழே வைப்போமா? வலது சுண்டு விரலால் இரண்டையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். கீழே மடக்குவதைவிட மேலே நீட்டுவது சுலபமாக இருந்தது. இ-யை மேலே ஞ-விடம் வைத்தாள். ஈ-யைக் கீழே ழ-விடம். சேமித்தாள். ஆஃப் செய்து ஆன் செய்தாள், இந்தத் தடவை நகல் எடுத்து வைத்துவிட்டு. ஆன் ஆகிற வரைக்கும் திரையில் அவள் மூஞ்சி தெரிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் ஒன்றாகவே கேட்டது, முதலாளி, மதுரைக்காரர், வேலுத்தாயக்கா மூன்று பேரும் ஒரே நேரத்தில் படியேறினார்கள். மதுரைக்காரர் கையில் சுருட்டின திருத்தத் தாள்கள். அக்கா காதுகுத்து வீட்டு லட்டைப் பையில் இருந்து எடுத்துக்கொண்டே வந்தது. முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதுதான் பயம். "என்ன ஙம்மொ, காதுகுத்தெல்லாம் முடிஞ்சுதா?" என்றார். மதுரைக்காரருக்குப் புரியவில்லை, இருந்தாலும் சிரித்து வைத்தார். வேலுத்தாயக்காவும் முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தங்கப்பிரியா பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவின் உதடு சத்தம் வராமல் அசைந்தது, இடது கை லட்டுப் பையின் மேலேயே லேசாகத் தட்டிப் பார்த்தது. "ஙம்மொன்னா அம்மால்ல," என்றது அக்கா. "என் கீபோர்டுல யாரு அம்மான்னு அடிச்சது?" யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. ஊர் பூராவும் தலைகீழாக நின்று யோசித்தாலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் அக்கா ஒன்றுதான், முதலாளி அதைப் போய் அதனிடமே சொல்லிவிட்டார். தங்கப்பிரியா எழுந்தாள். "நான்தான்க்கா. கோளாறுன்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். காலையிலதான் வெளங்குச்சு. திரும்பப் போட்டு வச்சிருக்கேன். இ-யும் ஈ-யும் மட்டும் எது எங்கன்னு தெரியல. குத்துமதிப்பா வச்சிருக்கேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "அப்ப அது கோளாறு இல்லையா?" என்றார் முதலாளி. மதுரைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நேரமாகுதுங்க. யாரு அடிக்கப் போறா? இந்தப் பொண்ணா?" முதலாளி தங்கப்பிரியாவைப் பார்த்தார், உட்காரு என்கிற மாதிரி தலையை அசைத்தார். தலையசைப்பு கண்ணுக்கு முன்னால் தொங்கியது, கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். தங்கப்பிரியா நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினாள். "அக்காதான் அடிக்கும்." வேலுத்தாயக்கா லட்டுப் பையை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. மதுரைக்காரர் தாளைப் பிரித்துப் படித்தார், "இன்று கீழ்நோக்கு நாள்." அக்கா அடித்தது. ஈன்று கிஞ்நோக்கு நாள் என்று வந்தது. முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார், அவர் தோள் குலுங்கியது. தங்கப்பிரியா முருகனைப் பார்த்தாள். "ஏ புள்ள," என்றது வேலுத்தாயக்கா, கோபமாகக்கூட இல்லை. "செவத்துல என்ன இருக்கு? வந்த நாள்லேர்ந்து அதையே பாத்துக்கிட்டு இருக்க. கையப் பாரு. பாத்தாத்தான மாத்துவ."

பார்த்தாள். முதலில் நகம் தெரிந்தது, மூன்று நகம், காதுகுத்து வீட்டு மருதாணி. அப்புறம் அந்த முடிச்சுகள். அவள் மனசுக்குள் இத்தனை நாளாக வைத்திருந்ததைவிடச் சின்னவை. ஒன்றில் தையல் போட்ட கோடு, இன்னொன்றின் நுனி லேசாகக் காய்ப்பு ஏறி, எழுத்து அடிக்கும்போது கீபோர்டு விளிம்பில் ஊன்றிக்கொண்டு கைக்கு முட்டுக் கொடுத்தது. அதுவும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. "இ," என்றது அக்கா, வலது சுண்டு விரல் கீழே ழ-வுக்கு மடங்கியது. "ஈ," மேலே ஞ-வுக்கு நீண்டது. "அடிக்கடி வர்றதுக்கு நீட்டக் கூடாது புள்ள, மடக்கணும். சாயங்காலம் ஆச்சுன்னா நீட்ட நீட்டத் தோள்பட்ட இத்துப்போகும்." தங்கப்பிரியா தன் கையை வைத்துக்கொண்டு, ஒரு நாளில் ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு முடிவுசெய்திருக்கிறாள். கருப்புத் திரையைத் திறந்து இரண்டையும் மாற்றி, நகல் எடுத்து, ஆஃப் செய்து ஆன் செய்தாள். மதுரைக்காரர் ஒரு லட்டைத் தின்று முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. காலையில் இருந்து கிடந்து தவித்ததற்கு, வந்ததும் கேட்டிருந்தால், காட்டுங்கக்கா என்று ஒரு வார்த்தை, நேற்றே ஒரு போன், இத்தனை மாசத்தில் ஏதாவது ஒரு மத்தியானம். இன்று கீழ்நோக்கு நாள். நாளை சமநோக்கு நாள். அக்கா அடித்துக்கொண்டே போனது, வேகம் அதிகம் இல்லை, ஆனால் நின்று நின்று அடிக்கவில்லை. மதுரைக்காரர் நடுவில் ஒரு இடத்தில் தானே வரியைத் தவறவிட்டு, அக்கா "அதுக்கு முன்னாடி எமகண்டம் இருக்குல்ல" என்று எடுத்துக் கொடுத்தது. கடைசித் தாள் முடிந்ததும் அவர் முதலாளியிடம், "அடுத்த தடவையும் இந்தம்மாவே உக்காரட்டும்" என்றார். முதலாளி, "அவங்கதான் உக்காருவாங்க, வேற யாரு" என்றார், வேறு யாரைப் பற்றியும் அவர் எப்போதும் யோசித்ததே இல்லை என்கிற மாதிரி. தங்கப்பிரியாவுக்கு மூச்சு திரும்ப வந்தது. கூடவே, ஒரு ஓரத்தில், ஜன்னலோர இடம் போய்விட்டது என்று ஒன்று லேசாக முனகவும் செய்தது. அதையும் அவள் கேட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று செல்லை எடுத்தாள். சர்மிளாவுக்கு அனுப்பின படத்தை அழித்தாள், இரண்டு பேரிடமும் அழிந்தது. அப்போதுதான் சர்மிளா, "ஏன்டி அழிச்ச, நான் நம்ம க்ரூப்ல போட்டுட்டேனே" என்று எழுதினாள். அதற்குக்கூட ஏதாவது செய்யலாம், க்ரூப்பில் உள்ளவர்களுக்கு ஙம்மொ யார் என்று தெரியாது, நாளைக்கு மறந்துவிடுவார்கள். டீ வந்தது. பைண்டிங் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், முதலாளி பின்பக்கம் போய் எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? முதலில் வந்த பெண் டிரேயில் இருந்து ஒரு கிளாஸை எடுத்து நீட்டி, நல்ல சிரிப்போடு, கெட்ட எண்ணம் துளிகூட இல்லாமல், "ஏ ஙம்மொ, டீ ஆறுது, வா" என்றாள். தங்கப்பிரியா நிமிர்ந்தாள். யாரைக் கூப்பிடுகிறாய் என்று அக்கா கேட்கும், கேட்க வேண்டும், ஒரு சத்தம் போட வேண்டும், போட்டால் தானும் கூடச் சேர்ந்து போடலாம். வேலுத்தாயக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் வரியை முடித்தது, முற்றுப்புள்ளி வைத்தது. அப்புறம், அதுதான் தன் பெயர் என்பது மாதிரி, "இந்தா வந்துட்டேன்" என்று திரும்பி, இடது கையை நீட்டிக் கிளாஸை வாங்கிக்கொண்டது. தங்கப்பிரியா இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.